திடீர் கண் அழுத்தம்: எந்த மங்கல் தெளியும், எது தங்கிவிடும்?

ஒரு கண் திடீரென்று சிவந்து வலிக்கத் தொடங்குகிறது. வலி புருவத்துக்கு ஏறி அந்தப் பக்கத் தலை முழுக்கப் பரவுகிறது. அப்புறம் குமட்டல், வாந்தி. விளக்கைப் பார்த்தால் அதைச் சுற்றி வண்ண வளையம் தெரிகிறது, உள்ளே நீலம், வெளியே சிவப்பு. சில மணி நேரத்தில் அந்தக் கண்ணின் பார்வை எதிரில் இருப்பவர் முகம்கூடத் தெரியாத அளவுக்கு மங்கிவிடுகிறது.

இதுதான் மூடுகோணக் கண் அழுத்தத்தின் திடீர்த் தாக்குதல். கிளாக்கோமா (கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் நோய்) வகைகளில் முக்கியமாக இதைத்தான் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே ஓட வேண்டிய நோய் என்று சொல்லலாம். மற்ற வகைகள் பெரும்பாலும் வலியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பார்வையைத் தின்னும். இது மணிக்கணக்கில் தின்னும். ஆனால் வாந்தியும் தலைவலியும் பலமாக இருப்பதால் பலர் இதை ஒற்றைத் தலைவலி என்றோ வயிற்றுக் கோளாறு என்றோ நினைத்து ஒரு மாத்திரையைப் போட்டுப் படுத்துவிடுகிறார்கள். மருத்துவரிடம் போனாலும் வாந்தியைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஒரு கண் சிவப்பு, வலி, மங்கல், இவற்றோடு வாந்தி சேர்ந்தால் முதலில் கண்ணைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

வலி அடங்கியதும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பார்வை திரும்புமா? இதற்கு ஒரே பதில் கிடையாது. ஏனென்றால் அந்த நேரத்தில் கண்ணில் இருப்பது ஒரே மங்கல் இல்லை. நோயால் வந்து தெளிந்துவிடும் மங்கல் ஒன்று, நோயால் வந்து தங்கிவிடும் இழப்பு ஒன்று, சிகிச்சையால் சில நாள் வந்துபோகும் மங்கல் ஒன்று. மூன்றும் ஒரே வாரத்தில், ஒரே கண்ணில் கலந்து கிடக்கும். எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் வீண் பயமும் வராது, வீண் தைரியமும் வராது.

முதலில் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முகப்பில் ஒளி ஊடுருவும் படலம் கருவிழி. அதன் பின்னால் நிறமுள்ள திரை, ஐரிஸ். ஐரிஸின் நடுவில் இருக்கும் கருப்புத் துளை பாவை. பாவைக்கு நேர் பின்னால் லென்ஸ். ஐரிஸுக்குப் பின்னால் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு சொட்டு சேர ஏறக்குறைய 20 நிமிடம். இது நாம் அழும் கண்ணீர் இல்லை, கண்ணுக்கு உள்ளேயே ஓடும் நீர். பாவை வழியாக முன்னால் வந்து, கருவிழியும் ஐரிஸும் சந்திக்கும் ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற வடிகாலில் இறங்கி ரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சந்திப்பைத்தான் ‘கோணம்’ என்கிறார்கள். சுரப்பும் வடிதலும் சமமாக இருக்கும் வரை கண் அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் நிற்கும்.

சிலருக்குப் பிறவியிலேயே கண் சற்றுச் சிறியது, முன்னறை (கருவிழிக்கும் ஐரிஸுக்கும் இடையில் நீர் நிற்கும் இடம்) ஆழம் குறைவு, கோணம் குறுகல். தூரப்பார்வைக்கு ப்ளஸ் கண்ணாடி போடுகிறவர்களில் இப்படிப்பட்ட கண்கள் அதிகம். வயது ஏற ஏற லென்ஸ் தடித்து ஐரிஸை முன்னே தள்ளுகிறது. அதனால்தான் இந்த நோய் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கிழக்கு ஆசியர்களிடமும் இனுவிட் மக்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் வாய்ப்பு உண்டு.

இப்படிப்பட்ட கண்ணில் பாவை பாதி விரிந்த நிலையில் நிற்கும்போது ஐரிஸின் விளிம்பு லென்ஸோடு ஒட்டிக்கொள்கிறது. பின்னால் சுரக்கும் நீருக்கு முன்னே வர வழியில்லை. சுரப்பு மட்டும் நிற்பதில்லை. ஐரிஸ், காற்று நிறைந்த திரைச்சீலையைப் போல முன்பக்கம் உப்பி, ஓரத்தில் இருக்கும் வடிகாலை அப்படியே மூடிவிடுகிறது. அழுத்தம் 50, 60 என்று ஏறுகிறது, சிலருக்கு 70ஐயும் தாண்டும். மூடிய இமையின் மேல் மெல்ல விரல் வைத்தால் அந்தக் கண் மற்றதைவிடக் கெட்டியாக இருப்பது சாதாரண ஆளுக்கே தெரியும்.

மங்கிய வெளிச்சம், மனக் கொந்தளிப்பு, பாவையை விரிக்கும் மருந்துகள் இவையெல்லாம் தூண்டும். சளி, மூக்கடைப்புக்கான சில மாத்திரைகள், சில வகை மனச்சோர்வு மருந்துகள், பயண வாந்திக்கு ஒட்டும் ஹையோசின் பட்டைகள், மூச்சுத்திணறலுக்கு நெபுலைசரில் வைக்கும் இப்ராட்ரோபியம் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. கண் பரிசோதனைக்காகப் பாவையை விரிக்கப் போடும் சொட்டும்தான். மருந்து காரணமே இல்லை, கோணம் குறுகலாக இருந்தால் மருந்து ஒரு தீப்பொறி, அவ்வளவுதான்.

இப்போது மங்கலுக்கு வருவோம். தாக்குதல் நேரத்தில் பார்வை போவதற்குப் பெரும் காரணம் கருவிழி. அதன் உட்பக்கம் ஒற்றை அடுக்குச் செல்கள் இரவு பகலாக நீரை வெளியே இறைத்துக் கருவிழியைத் தெளிவாக வைத்திருக்கின்றன. உள்ளே அழுத்தம் எகிறும்போது அந்தச் செல்களால் ஈடுகொடுக்க முடியாமல் நீர் கருவிழிக்குள் புகுந்து அது வீங்கி மங்குகிறது. விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும் இந்த வீக்கத்தால்தான். இது திரும்பி வரும் மங்கல். அழுத்தம் இறங்கினால் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ கருவிழி தெளியும். எதிரில் கையைக் காட்டினால் எத்தனை விரல் என்று சொல்ல முடியாதவர் இரண்டு நாளில் எழுத்துப் பலகையைப் படிப்பது இதனால்தான். நோயாளிக்கும் குடும்பத்துக்கும் இது பெரிய நிம்மதி, நியாயமான நிம்மதியும்கூட.

ஆனால் அந்தத் தெளிவே கண்ணை முழுதாக மீட்டுவிட்டதாக நம்ப வைத்துவிடும். அதே நேரத்தில் கண்ணின் பின்புறம் வேறொன்று நடந்திருக்கும். பார்வை நரம்புக்குப் போகும் ரத்தம், கண்ணின் அழுத்தத்தை எதிர்த்துத்தான் உள்ளே நுழைய வேண்டும். அழுத்தம் 60, 70 என்று நிற்கும்போது ரத்த ஓட்டம் தடுமாறி நரம்பு இழைகள் பட்டினியில் சாகின்றன. ஒரு கண்ணின் பார்வை நரம்பில் ஏறக்குறைய 10 லட்சம் இழைகள் உண்டு. செத்த இழை மறுபடி முளைப்பதில்லை. எந்த மருந்தும், எந்த லேசரும் அதைத் திருப்பித் தராது. சில நேரம் விழித்திரையின் ரத்தக்குழாயே அடைபட்டுப் பார்வை ஒரேயடியாகப் போவதும் உண்டு.

எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் படிக்கிறவருக்கும் நரம்புச் சேதம் இருக்கலாம். பலகை சோதிப்பது நடுப்பார்வையை மட்டும். பக்கவாட்டில், மேலே, கீழே எவ்வளவு போயிருக்கிறது என்று பார்வைப் புலச் சோதனையில்தான் தெரியும். அதைத் தாக்குதல் முடிந்த மறுநாளே செய்தால் தவறான முடிவு வரும், ஏனென்றால் கருவிழி இன்னும் முழுதாகத் தெளிந்திருக்காது. நரம்பு இழைகளின் தடிமனை அளக்கும் ஓசிடி ஸ்கேனும் அப்படித்தான். முதல் சில நாட்களில் நரம்பு வீங்கியிருப்பதால் தடிமன் நன்றாகவே இருப்பது போலக் காட்டும். வீக்கம் வற்றிய பிறகு, வாரங்கள் கழித்து, மெலிவு வெளியே தெரியும். ஆகவே முதல் வார ஸ்கேனை மட்டும் பார்த்து ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம். சில வாரங்கள் கழித்து வரச் சொன்னால் கட்டாயம் போக வேண்டும்.

எவ்வளவு தங்கிவிடும் என்பதைத் தீர்மானிப்பது முக்கியமாக இரண்டு விஷயம். அழுத்தம் எவ்வளவு உயரம் போனது, எவ்வளவு நேரம் அங்கே நின்றது. சில மணி நேரத்தில் அடக்கப்பட்ட கண் பெரும்பாலும் நல்ல பார்வையோடு தப்பிக்கும். இரண்டு மூன்று நாள் வலியைப் பொறுத்துக்கொண்டு வரும் கண்ணுக்கு அந்த உறுதி கிடையாது.

நரம்புக்கும் கருவிழிக்கும் நடுவிலும் சில தடயங்கள் மிஞ்சும். பாவையைச் சுருக்கும் தசைக்கு ரத்தம் போகாமல் அது செயலிழந்திருந்தால் பாவை பாதி விரிந்தபடி, சற்று நீள்வட்டமாகவே நின்றுவிடும். வெயிலில் கண் கூசும், எதிரே வரும் வண்டி விளக்கு தாங்காது. லென்ஸின் முன்பக்கம் சின்னச் சின்ன சாம்பல் வெள்ளைப் புள்ளிகள் விழும், பிறகு எந்தக் கண் மருத்துவர் பார்த்தாலும் இந்தக் கண்ணுக்கு ஒருமுறை தாக்குதல் வந்திருக்கிறது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுவார். கண்புரையும் சீக்கிரம் முற்றும். கருவிழியின் உட்பக்கச் செல்கள் நிறைய அழிந்திருந்தால் வீக்கம் வடியாமலே தங்கிவிடும். அந்தச் செல்களும் மறுபடி வளர்வதில்லை என்பதால் கடைசியில் கருவிழி மாற்று சிகிச்சை வரை போக நேரிடலாம்.

சரி, சிகிச்சை. முதல் வேலை அழுத்தத்தை இறக்குவது. மல்லாந்து படுக்க வைக்கிறார்கள், லென்ஸ் கொஞ்சமாவது பின்னால் நகரும் என்பதற்காக. அசெட்டசோலமைட் 500 மில்லிகிராம் ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுத்துச் சுரப்பைக் குறைக்கிறார்கள். டிமோலால், பிரிமோனிடின் போன்ற சொட்டுகள், வீக்கத்துக்கு ஸ்டீராய்டு சொட்டு, வாந்திக்கும் வலிக்கும் தனித்தனி மருந்து. இவற்றுக்கும் மசியாவிட்டால் ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் மேனிடால். அதுவும் போதாத இடத்தில் சில மருத்துவர்கள் நுண்ணிய ஊசியால் முன்னறை நீரைக் கொஞ்சம் வெளியேற்றுவார்கள்.

இந்த மருந்துகள் ஒவ்வொன்றும் உடம்பில் ஏதாவது செய்யும். முன்கூட்டியே தெரியாவிட்டால் புதிதாக ஒரு நோய் வந்துவிட்டதோ என்று பயம் வரும். அசெட்டசோலமைட் எடுத்தால் விரல் நுனியும் உதடும் மதமதக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், சோடா கலந்த பானங்களின் ருசி கெட்டுப்போகும், உடம்பு சோர்ந்து கிடக்கும். மருந்தை நிறுத்தியதும் சரியாகிவிடும். சிறுநீரகக் கோளாறோ சல்ஃபா ஒவ்வாமையோ இருந்தால் ஊசிக்கு முன்பே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டிமோலால் வெறும் கண் சொட்டுதானே என்று நினைக்கக் கூடாது. மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலந்து ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பைக் கிளப்பும், இதயத் துடிப்பை மந்தமாக்கும். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரக் கண் முனையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் ரத்தத்துக்குப் போகும் அளவு குறையும். மேனிடால், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து.

பைலோகார்பின் என்ற சொட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதனால் வரும் மங்கல்தான் அதிகம் பேரைக் கலங்க வைக்கிறது. பாவையைச் சுருக்கி, ஐரிஸைக் கோணத்திலிருந்து இழுத்துவிடுவது அதன் வேலை. அழுத்தம் மிக உயரத்தில் இருக்கும்போது அது பலிக்காது. தசைக்கே ரத்தம் இல்லாதபோது தசை எப்படிச் சுருங்கும்? அழுத்தம் கொஞ்சம் இறங்கிய பிறகுதான் வேலை செய்யும். சுருங்கியதும் பாவை மிகச் சிறிய புள்ளியாகிவிடும். மாலையில் அறைக்குள் நுழைந்தால் விளக்கையே யாரோ குறைத்துவிட்டது போல இருக்கும், புருவத்தில் ஒரு இழுப்பு வலியும் வரும். வலி போன கண்ணில் மறுபடி இருட்டும் புருவ வலியும் வந்தால் தாக்குதல் திரும்பிவிட்டது என்றே தோன்றும். சொட்டின் வேகம் அடங்கியதும் அந்த இருட்டு விலகும். ஆனால் வாந்தி, சிவப்பு, விளக்கைச் சுற்றி வளையம் இவை மறுபடி வந்தால் அது சொட்டின் வேலை இல்லை, உடனே போக வேண்டும்.

அழுத்தம் இறங்கி, கருவிழி தெளிந்ததும் லேசர். ஐரிஸின் ஓரத்தில் சுமார் 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை போட்டு நீருக்கு மாற்று வழி செய்கிறார்கள். மரத்துப்போகும் சொட்டு விட்டு, நாடியையும் நெற்றியையும் கருவியில் பதித்து உட்கார வைத்து, கண்ணின் மேல் ஒரு சிறு லென்ஸைப் பொருத்துகிறார்கள். ‘டக், டக்’ என்று சில சத்தம், ஒவ்வொன்றோடும் உள்ளே சின்னதாக ஒரு குத்தல். சில நிமிடத்தில் முடிந்துவிடும். அன்றைக்குப் பார்வை கலங்கலாக இருக்கும், கொஞ்சம் ரத்தம் கசியலாம். லேசர் முடிந்த சில மணி நேரத்துக்குள் அழுத்தம் தற்காலிகமாக ஏறக்கூடும் என்பதால்தான் காத்திருக்கச் சொல்லி மறுபடி அளக்கிறார்கள், அவசரப்பட்டுக் கிளம்பக் கூடாது. சிலருக்குப் பார்வையில் மெல்லிய ஒளிக் கோடு ஒன்று தெரியும். துளை வழியாக நுழையும் வெளிச்சம் இமையோரக் கண்ணீர்ப் படலத்தில் பட்டுச் சிதறுவதால் வருவது அது. இமையை லேசாகத் தூக்கினால் மறையும். ஆபத்து இல்லை, பெரும்பாலானவர்களுக்குப் பழகிவிடும்.

இந்தச் சிகிச்சையின் வேர் 1857க்குப் போகிறது. பெர்லினில் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே திடீர் கிளாக்கோமாவுக்கு ஐரிஸின் ஒரு துண்டையே வெட்டி எடுத்துப் பார்வையைக் காப்பாற்ற முடியும் என்று காட்டினார். அது ஏன் பலிக்கிறது என்ற காரணம் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் பிடிபட்டது. அவர் கத்தியால் செய்ததைத்தான் இன்று லேசர் கத்தியில்லாமல் செய்கிறது.

லேசர் துளை பற்றிப் பலர் தப்பாகப் புரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. அது பார்வையைக் கூட்டுவதற்கான சிகிச்சை இல்லை, அடுத்த தாக்குதலைத் தடுப்பதற்கானது. போன நரம்பு போனதுதான். அது மட்டுமல்ல, தாக்குதலின்போது ஐரிஸ் வடிகாலோடு ஒட்டித் தழும்பாகிவிட்டிருந்தால் துளை போட்டாலும் அந்த இடம் திறக்காது. அழுத்தம் மெல்ல மறுபடி ஏறும், இந்தத் தடவை வலியே இல்லாமல். வலி இல்லாததால் நோயாளி பரிசோதனைக்குப் போவதை நிறுத்திவிடுகிறார். தாக்குதலில் தப்பிய பார்வையை அடுத்த சில ஆண்டுகளில் ஓசையில்லாமல் இழப்பது இப்படித்தான், எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் இதுதான், ஏனென்றால் இதை அழுத்தம் அளக்கும் ஒரு சின்னச் சோதனையால் முன்பே பிடித்துவிடலாம்.

இந்தக் காரணத்தால்தான் லென்ஸையே எடுத்துவிடும் யோசனை வலுப்பெற்றது. வயதானவரின் இயற்கை லென்ஸ் 5 மில்லிமீட்டர் வரை தடிப்பானது, அதற்குப் பதில் வைக்கும் செயற்கை லென்ஸ் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். முன்னறை ஆழமாகிறது, கோணம் விரிகிறது. ஹாங்காங்கில் 62 பேரிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், தாக்குதலை அடக்கிய பிறகு லேசர் துளை மட்டும் போட்டவர்களில் 46.7 சதவீதத்தினருக்கு 18 மாதத்தில் அழுத்தம் மறுபடி ஏறியிருந்தது, லென்ஸை முன்கூட்டியே எடுத்தவர்களில் 3.2 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனாலும் வித்தியாசம் பெரிது. 2016இல் வெளியான ஈகிள் ஆய்வு, கண்புரை இல்லாதவர்களிலும் லென்ஸை எடுப்பது லேசரைவிட நல்ல பலன் தருவதாகக் காட்டியது. அது திடீர்த் தாக்குதலுக்கான ஆய்வு அல்ல, அழுத்தம் கூடிய நாள்பட்ட மூடுகோணக் கண்களுக்கானது. தாக்குதலில் வீங்கிய கண்ணில் அறுவை செய்வது கடினம் என்பதால் எப்போது செய்வது என்பதை மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும். கண்புரையும் சேர்ந்திருந்தால் இதைப் பற்றி அவரிடம் கட்டாயம் கேட்டுவிடுங்கள்.

மற்றக் கண்ணை மறக்கக் கூடாது. அதுவும் அதே அளவு, அதே குறுகிய கோணம். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஏறக்குறைய பாதிப்பேருக்கு 5 முதல் 10 ஆண்டுக்குள் அதிலும் தாக்குதல் வரும். ஆகவே வலிக்காத கண்ணிலும் லேசர் துளை போடுவது வழக்கம். நல்ல கண்ணை ஏன் தொடுகிறார்கள் என்று தயங்குகிறவர்கள் உண்டு, இந்த நோயில் தயங்காமல் ஒப்புக்கொள்ள வேண்டிய சிகிச்சை இதுதான்.

ஒருபோதும் தாக்குதல் வராத, கோணம் மட்டும் குறுகலாக இருக்கும் எல்லோருக்கும் லேசர் தேவையா என்பது வேறு கேள்வி. சீனாவின் குவாங்சோவில் 889 பேரிடம் ஒரு கண்ணுக்கு லேசர் போட்டு மறு கண்ணை அப்படியே விட்டு 6 ஆண்டுகள் பார்த்தார்கள். லேசர் போட்ட கண்ணில் பாதிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, ஆனால் போடாத கண்ணிலும் பாதிப்பு குறைவாகவே இருந்தது. அதனால் எல்லோருக்கும் பொதுவாகப் போடுவதை அந்த ஆய்வு பரிந்துரைக்கவில்லை. குடும்பத்தில் நோய் உள்ளவர்கள், பாவையை விரிக்கும் மருந்து தொடர்ந்து தேவைப்படுகிறவர்கள், உடனே மருத்துவமனை சேர முடியாத இடத்தில் இருப்பவர்கள் என்று ஆளுக்கு ஆள் பார்த்துத்தான் சொல்வார்கள். தாக்குதல் வந்தவரின் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒருமுறையாவது கோணத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கண்ணில் சிறு கண்ணாடி லென்ஸை வைத்துக் கோணத்தை நேரடியாகப் பார்க்கும் சோதனை அது. சாதாரணக் கண் பரிசோதனையில் தானாகச் செய்யமாட்டார்கள், கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

கடைசியாக, மருந்துப் பெட்டிகளில் ‘கிளாக்கோமா உள்ளவர்கள் தவிர்க்கவும்’ என்று எழுதியிருக்கும் எச்சரிக்கை. அது பெரும்பாலும் குறுகிய கோணம் உள்ளவர்களுக்கானது. லேசர் துளை சரியாகத் திறந்திருக்கிறது, அல்லது லென்ஸை மாற்றியாயிற்று என்றால் பாவையை விரிக்கும் மருந்துகளில் பெரும்பாலானவற்றை மருத்துவர் அனுமதிப்பார். டோபிராமேட் மட்டும் வேறு கதை. வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கும் அந்த மாத்திரை, கண்ணுக்குள் வேறு இடத்தில் வீக்கம் உண்டாக்கி லென்ஸையும் ஐரிஸையும் சேர்த்து முன்னே தள்ளி, பெரும்பாலும் இரண்டு கண்ணையும் ஒரே நேரத்தில் மூடும். தொடங்கிய முதல் சில வாரங்களில், இளம் வயதினருக்கும் வரும். அதற்கு லேசர் துளை உதவாது, பைலோகார்பின் நிலைமையை இன்னும் மோசமாக்கும். ஆகவே இரண்டு கண்ணும் ஒன்றாக மங்கி வலித்தால், அண்மையில் தொடங்கிய மாத்திரைகளின் அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.